ராமநாதனின் குறுக்குவழி

1

போன வருஷம் லீவில் ஊருக்குப் போயிருந்தபோது, எருத்தேன்பதியில் பஸ் நிற்கும் இடத்து டீக்கடையில் எங்கய்யனின் சிநேகிதர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க தம்பி, சீமையில கம்ப்யூட்டர் வேலைன்னு உங்கய்யன் சொல்றாரு. அதுல நீங்க என்னத்தைங்க பண்றீங்கொ?"

"தேடறதுங்க," என்றேன். "ஒரு பெரிய எழுத்துக் கூட்டத்துக்குள்ள ஒரு சின்ன வார்த்தை எங்க இருக்குதுன்னு மிசினு தேடோணும். அதை வெரசாத் தேட வெக்கறதுதான் என்ற வேலை."

"இதுக்குப் போயி எதுக்குங்க சீமைக்குப் போகோணும்? நம்ம ரேசன் கடைக்காரரும்தான் பேரைத் தேடறாரு. பொழுதே போயிருது."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு மனசு ஏனோ சரியாக இல்லை. மறுநாள் நான் பாலக்காட்டுக்குப் போகவிருந்தேன். இங்கிலாந்தில் இதே வேலையை என்னைவிடத் திறமாகச் செய்த ஒருவர் கல்பாத்தியில் இருந்தார். அவரைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து இதை எழுத வேண்டும் என்று இருந்தேன். அவர் பெயரை இங்கே ராமநாதன் என்று மாற்றியிருக்கிறேன். அவர் வீட்டார் பெயரும் அப்படித்தான்.

2

முதலில் அந்த வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டருக்கு நாம் கட்டளை எழுதுவதற்கென்று சில மொழிகள் உண்டு. ஒவ்வொரு மொழியோடும், எல்லாருக்கும் அடிக்கடி தேவைப்படும் காரியங்களை முன்கூட்டியே எழுதி ஒரு கட்டாகக் கொடுப்பார்கள். அதற்கு நூலகம் என்று பெயர். புத்தகம் ஒன்றும் இருக்காது. இரண்டு பெயர்கள் ஒன்றா என்று ஒப்பிடுவது, ஒரு வாக்கியத்துக்குள் ஒரு சொல்லைத் தேடுவது, இரண்டு சொற்களை ஒட்டுவது, இவையெல்லாம் அதில் இருக்கும். எழுத்துகளைக் கோத்த இந்த வரிசைகளைச் சரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் கம்பெனி கம்ப்யூட்டர் செய்து விற்கும் கம்பெனி. அதன் மொழியில், சரங்களைக் கையாளும் பகுதி என்னுடையது.

இந்த வேலையில் ஒரு விசேஷம் இருக்கிறது. நான் எழுதிய பத்து வரிகளை எங்கோ ஒரு மருந்துக் கம்பெனி, ஒரு நகராட்சி, ஒரு பால் டிப்போ எல்லாம் நாள் முழுவதும் ஓயாமல் ஓட்டிக்கொண்டே இருக்கும். அவர்களுக்கு என்னைத் தெரியாது. அந்தப் பத்து வரிகளில் ஒரு வரியைக் குறைத்தால் அத்தனை இடத்திலும் வேலை சீக்கிரம் முடியும்.

நாங்கள் வந்து சேர்ந்தது லண்டனுக்கு வடக்கே ஒரு சிறு நகரம். எந்நேரமும் ஈரம். விமான நிலையத்தில் ஓர் அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "கேரளா என்றால் உங்கள் மொழி என்ன?" என்றார். "தமிழ்," என்றேன். அவர் தன்னிடமிருந்த ஏதோ அட்டவணையைப் பார்த்துவிட்டு, "கேரளாவில் மலையாளம் அல்லவா?" என்றார். நான் பிறந்தபோது எங்கள் ஊர் கொச்சி ராஜ்யம், பள்ளிக்கூடம் போனபோது திருவிதாங்கூர்-கொச்சி, அப்புறம்தான் கேரளம், எங்கள் வீடு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது என்று விளக்க ஆரம்பித்தேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. அவர் கையெழுத்துப் போட்டு என்னை அனுப்பிவிட்டார்.

3

எங்கள் கம்பெனி இன்னொரு கம்பெனியோடு சேர்ந்தது. அந்தக் கம்பெனியிலிருந்து வந்தவர்களில் ஒருவர், நெற்றியில் சந்தனக் கீற்றோடு, கழுத்தில் டை கட்டிக்கொண்டு, சாப்பாட்டு அறையில் தனியாக உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் போய் எதிரே நின்றேன். வாயிலிருந்து தானாக வந்தது:

"சாமிக்கு எந்த ஊருங்க?"

அவர் தலை நிமிர்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "சாமியா? இந்த ஊர்ல வந்து சாமியாவது பூதமாவது. கல்பாத்தியாக்கும். நீ எங்கே? கோயமுத்தூரா?"

"எருத்தேன்பதிங்க."

"அட, நம்ம சித்தூர் தாலூக்! உக்காரு, உக்காரு."

அன்றைக்கு உட்கார்ந்தவன்தான். அவர் என்னைப் பழனி என்றும் நீ என்றும் கூப்பிட்டார். எனக்கு அவர் கடைசிவரை நீங்கதான். வயசில் எனக்கு ஒன்றிரண்டு மூத்தவர். அதற்காக மட்டும் அப்படிக் கூப்பிட்டேன் என்று சொன்னால் நம் ஊர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள்.

எங்கய்யன் ஒரு கல்பாத்திக் குடும்பத்தின் நிலத்தைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, உழுதவர். நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்து, டிரிப்யூனலில் விசாரணை நடந்து, அந்த நிலத்துக்கு அவர் பெயரில் பட்டயம் கிடைத்தது. ராமநாதனின் அப்பாவுக்குக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருந்த நிலம் அதே சட்டத்தில் அதை உழுத குடியான்களுக்குப் போனது. எங்கள் நிலம் அவர்களுடையது அல்ல. ஆனாலும் இரண்டு வீட்டிலும் ஒரே சமயத்தில் நடந்த காரியம். எங்கள் வீட்டில் அன்றைக்குக் கிடா வெட்டினார்கள். அவர்கள் வீட்டில் அவர் அப்பா மூன்று மாசம் வாசல்படி தாண்டவில்லை என்று ராமநாதன் ஒரு தடவை சொன்னார். அதற்கு மேல் அந்தப் பேச்சை இருவரும் எடுத்ததில்லை.

அவர் மனைவி விசாலமும் என் மனைவி மரகதமும் ஒன்றாகவே கடைக்குப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாற்றி மாற்றி ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிடுவோம். எங்கள் செல்விக்கும் அவர்கள் மகளுக்கும் ஒரே வயசு. இவள் "ஊட்டுக்குப் போலாம்" என்பாள், அவள் "ஆத்துக்குப் போலாம்" என்பாள், இரண்டு பேரும் மாறிமாறிச் சிரிப்பார்கள். கொஞ்ச நாளில் சண்டை வேண்டாம் என்று இருவரும் இங்கிலீஷுக்கே போய்விட்டார்கள். நாங்கள் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தோம்.

4

சேர்ந்த இரண்டு கம்பெனிகளிலும் அதே மொழிக்கு ஆளுக்கொரு நூலகம் இருந்தது. புது மெஷினோடு ஒன்றுதான் போகும் என்று எங்கள் மேலதிகாரி ஹாரிஸ் சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்துச் சரப்பகுதி நான் எழுதியது. அவர்கள் பக்கத்தது ராமநாதன் எழுதியது. இரண்டையும் ஒரே மெஷினில் ஓட்டி வேகம் பார்ப்பது, எது ஜெயிக்கிறதோ அது. தோற்ற பக்கத்துக் குழுவைக் கலைத்துவிடுவார்கள் என்பதை ஹாரிஸ் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

வெள்ளைக்காரர்களுக்கு வேலை போனால் வேலைதான் போகும். எங்கள் வொர்க் பெர்மிட்டில் கம்பெனியின் பெயர் இருந்தது. கம்பெனியை விட்டால் நாட்டையும் விட வேண்டியதுதான். நிரந்தரமாகத் தங்க அனுமதி கிடைக்க எங்கள் இருவருக்கும் இன்னும் கொஞ்ச காலம் பாக்கி இருந்தது.

இந்தச் சோதனையில் எல்லாம் ஒரு விஷயத்தில் அடங்கியிருந்தது: எந்தச் சரங்களைக் கொடுத்துப் பார்ப்பது? என் வழியில், மெஷினுக்குள்ளேயே இருக்கும் ஒரு பெரிய கட்டளையைப் பயன்படுத்தியிருந்தேன். அதைக் கிளப்பக் கொஞ்சம் நேரம் ஆகும். கிளம்பிவிட்டால் நீளமான சரங்களை ஒரே மூச்சில் முடித்துவிடும். ராமநாதன் வேறு மாதிரி யோசித்திருந்தார். சரம் குட்டையாக இருந்தால் அந்தப் பெரிய கட்டளை பக்கமே போகாமல், எழுத்து எழுத்தாக நேரே பார்த்து முடித்துவிடுவார். நீளச் சரங்களைக் கொடுத்தால் நான் ஜெயிப்பேன், குட்டைச் சரங்களைக் கொடுத்தால் அவர்.

சரங்களைப் பொறுக்கிக் கொடுக்கும் பொறுப்பை ஹாரிஸ் என்னிடம் விட்டார். வாடிக்கையாளர்களின் நிஜமான விவரங்களைப் பதிந்த காந்த நாடாக்கள் என்னிடம்தான் இருந்தன என்பது அவர் சொன்ன காரணம். சோதனையை ஓட்டுவது ஜீன் என்ற ஸ்காட்லாந்துக்காரப் பெண்மணியின் பொறுப்பு. என்ன சரங்கள் என்பது சோதனை நாள்வரை எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் அதற்கென்றே எழுதிவிடுவார்கள்.

நான் நாடாக்களைப் போட்டுப் பார்த்தேன். ஆள் பெயர்கள், ஊர்ப் பெயர்கள், சரக்குகளின் குறிகள். நிஜ உலகத்தில் சரங்கள் குட்டையாகத்தான் இருந்தன. நீளமானது எப்போதாவது ஒன்று வந்தது. கண்ணால் பார்த்த பிறகு வேறு எதைப் பொறுக்க முடியும்? எப்படி வந்ததோ அப்படியே எடுத்துவைத்தேன்.

வீட்டுக்கு வந்து மரகதத்திடம் சொன்னேன். அவள் சப்பாத்தி தேய்த்துக்கொண்டே கேட்டாள்: "அப்ப யாருக்குங்க ஜெயம்?"

"அவருக்குத்தான்."

"வேற மாதிரி எடுக்க முடியாதுங்களா?"

"எடுக்கலாம். அது பொய்யாப் போயிரும்."

அவள் தேய்த்ததைக் கல்லில் போட்டாள். அதைத் திருப்பிப் போட்டபடி, "அப்ப செல்வியை அங்க எந்தப் பள்ளிக்கூடத்துல சேக்கறது? கொழிஞ்சாம்பாறையா, பொள்ளாச்சியா?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே யோசித்துக் கேட்டாள்.

5

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு ராமநாதன் வீட்டில். சாப்பிட உட்காருமுன் நான் கை கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

"பழனி, என்ன எடுத்திருக்கே?"

"சொல்லக்கூடாதுங்களே."

"நீளமா, குட்டையா? அதை மட்டும் சொல்லேன்."

"அதுதானுங்க எல்லாமே. அதைச் சொன்னா எல்லாஞ் சொன்ன மாதிரி."

அவர் துண்டை என் கையில் கொடுத்தார். "செரி, செரி. நான் கேட்டிருக்கப்படாது," என்றார். சிரிக்கத்தான் சிரித்தார். ஆனால் அன்றைக்கு மோர் சாதத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார். நான் சொல்லாததற்கு அவர் ஓர் அர்த்தம் எடுத்துக்கொண்டார் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

சோதனைக்கு முந்தின வாரம் இரு குழுவும் தாங்கள் எழுதியதைப் பதிந்த நாடாவைக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தாயிற்று. வெள்ளிக்கிழமை நானும் ஜீனும் ஒத்திகையாக ஓட்டிப் பார்த்தோம். ஒரு விஷயம் சொல்ல வேண்டும்: அந்த மெஷினின் கடிகாரம் அவ்வளவு நுணுக்கமானது அல்ல. ஒரே ஒரு தேடலுக்கு ஆகும் நேரத்தை அதால் பிடிக்க முடியாது. அதனால் அதே தேடலை ஆயிரக்கணக்கான தடவை திருப்பித் திருப்பிச் செய்யவைத்து, மொத்த நேரத்தை எடுத்து வகுப்போம்.

ராமநாதனின் எண்கள் வந்தன. ஜீன் விசில் அடித்தாள். ஒப்பிடுவதிலும் ஒட்டுவதிலும் அவர் நான் எதிர்பார்த்த அளவுக்கு என்னை முந்தியிருந்தார். தேடுவதில் மட்டும் எண் நம்ப முடியாததாக இருந்தது. இன்னொன்றும் கண்ணில் பட்டது. சின்ன வரியில் தேடினாலும் ஒரு பக்கம் முழுக்கத் தேடினாலும் அவருக்கு ஒரே நேரம்தான் ஆனது. வயல் பெரிசானால் உழ நேரம் கூடத்தானே வேண்டும்? கூடவில்லை என்றால் உழவில்லை என்று அர்த்தம்.

ஜீன் வீட்டுக்குப் போன பிறகு நான் ஒரு சின்னச் சோதனை செய்தேன். ஒரு வரியில் ஒரு சொல்லைத் தேடச் சொன்னேன். சரியான விடை வந்தது. அதே இடத்தில் இருந்த அந்த வரியில் ஓர் எழுத்தை மாற்றினேன். இப்போது அந்தச் சொல் அங்கே இல்லை. மறுபடி தேடச் சொன்னேன். பழைய விடையே வந்தது.

அவர் போட்டிருந்த குறுக்குவழி புரிந்தது. கடைசியாக எங்கே தேடியதோ அந்த இடத்தையும், கிடைத்த விடையையும் அது ஓரமாக ஞாபகம் வைத்துக்கொண்டது. அதே இடத்தைக் காட்டி மறுபடி கேட்டால் உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் பழைய விடையை எடுத்து நீட்டியது. ஒரே தேடலைத் திருப்பித் திருப்பிக் கேட்கும் சோதனையில் அது பறக்கும். நிஜமான வேலையில் தப்பான விடை சொல்லும்.

அந்தக் குறுக்குவழியை மட்டும் நீக்கிவிட்டு மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அப்போதும் அவருடையதுதான் வேகம். நியாயமாக, தெளிவாக, என்னுடையதைவிட வேகம்.

6

ஞாயிறு மத்தியானம் நான் மட்டும் அவர் வீட்டுக்குப் போனேன். விசாலமும் குழந்தையும் கடைக்குப் போயிருந்தார்கள். அவர் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"தேடறதுல ஒண்ணு வெச்சிருக்கீங்களே," என்றேன்.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "கண்டுபிடிச்சுட்டியோ?"

"எழுத்தை மாத்துனா பழசையே சொல்லுதுங்க."

"தெரியும். சோதனை முடிஞ்சு ஜெயிச்சதும் எடுத்துடலாம்னுதான் வெச்சேன். வேற வழி இல்லை பழனி. எனக்கு என்ன தெரியறது? நீ நீளத்தை எடுத்திருப்பே. நான் எங்கே போவேன்?"

"நான் நீளத்தை எடுக்கலீங்க."

அவர் என்னையே பார்த்தார்.

"பேருக, ஊருக, சரக்குக் குறிக. நாடாவுல இருந்தது அப்பிடியே. எல்லாம் குட்டைங்க. நீங்க இதை வெக்காம இருந்தாலும் நீங்கதான் ஜெயிச்சிருப்பீங்க. ஓட்டிப் பாத்துட்டுத்தான் வந்தேன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு ரொம்ப மெதுவாகக் கேட்டார்: "குட்டையா எடுத்தியா? ஒனக்கு வேலை போயிடுமே."

"போகுந்தானுங்க."

"நீ அப்படிப் பண்ணுவேன்னு நான் நெனைக்கவே இல்லை." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சட்டம் உங்க பக்கம் இருக்கறச்சே நீங்கள்லாம் விடமாட்டேள்னு எங்கப்பா சொல்லிண்டே இருப்பார். அது எப்படியோ எனக்குள்ளேயும் இருந்திருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் அழும் நிலையில் இருந்தார். சண்டை போட மனசு வரவில்லை.

"நாளைக்குக் காலையில வேற நாடா குடுத்துருங்க," என்றேன். "தப்பு இருந்துதுன்னு சொன்னாப் போதும். எல்லாருந்தான் மாத்தறாங்க. சோதனை புதன்கிழமைதானே."

"குடுத்துடறேன்," என்றார். வாசல்வரை வந்து என் தோளில் கை வைத்தார். அதற்கு முன்னால் அவர் என்னைத் தொட்டதில்லை.

திங்கட்கிழமை காலை அவர் நாடாவோடு வந்தபோது ஹாரிஸின் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஜீன் இருந்தாள். வெள்ளிக்கிழமை எண்கள் அவளையும் உறுத்தியிருக்கின்றன. சனி, ஞாயிறு முழுக்க வீட்டில் உட்கார்ந்து ராமநாதனின் கட்டளைகளை வரி வரியாகப் படித்திருக்கிறாள். அவளுக்கு நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளாகவே கண்டுபிடித்து, அவளாகவே போய்ச் சொல்லிவிட்டாள். அது அவள் வேலை.

மத்தியானத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ராமநாதன் கொண்டுவந்த புது நாடாவை ஹாரிஸ் வாங்கவே இல்லை. நான் ஹாரிஸிடம் போய், அந்த ஒன்றை எடுத்துவிட்டாலும் அவருடையதே வேகம், அதைத்தான் அனுப்ப வேண்டும் என்றேன். ஹாரிஸ் பொறுமையாகக் கேட்டார். "தெரிந்தே தப்பான விடை சொல்லும்படி எழுதியவர், சாம். இந்த ஓர் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டோம். கண்டுபிடிக்காத இடம் எத்தனை என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். பழனிசாமி என்ற என்னை அங்கே சாம் ஆக்கியிருந்தார்கள்.

மெதுவாக ஓடும் என் நூலகம் புது மெஷினோடு போனது. என் வேலை நிலைத்தது.

ராமநாதனை வண்டி நிறுத்துமிடத்தில் பிடித்தேன். "நான் சொல்லலீங்க," என்றேன். "ஜீனே படிச்சுக் கண்டுபிடிச்சாங்க."

"பரவால்லை பழனி. நீ சொல்லியிருந்தாலும் தப்பில்லை," என்றார். அவர் நம்பவில்லை. நேற்று வந்து ஆறுதலாகப் பேசிவிட்டு இன்று போய்ச் சொல்லிவிட்டேன் என்றுதான் நினைத்தார். அதற்காகக் கோபப்படவும் இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் கத்தித் தீர்த்திருப்பேன்.

வேறு கம்பெனிகளுக்கு எழுதிப் பார்த்தார். பெர்மிட் மாற்ற எங்கெங்கோ அலைந்தார். ஓர் அலுவலகம் இன்னொன்றுக்கு அனுப்பும், அது முதலாவதற்கே திருப்பும். கடைசியில் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பினார். வழியனுப்பப் போயிருந்தோம். இரண்டு பெண்களும் விமான நிலையத்தில் கட்டிக்கொண்டு இங்கிலீஷில் அழுதார்கள். அதற்கப்புறம் செல்வி வீட்டில் தமிழ் பேசுவது குறைந்துகொண்டே வந்தது. நாங்கள் கேட்பதற்கு இங்கிலீஷில் பதில் சொல்கிறாள். கேலி செய்ய எதிரே ஒரு தமிழ் இருந்தவரைதான் அவளுக்கும் தன் தமிழ் இருந்தது போலும்.

7

நூலகத்தின் அடுத்த பதிப்பு வந்தபோது ஹாரிஸ் மாற்றலாகிப் போயிருந்தார். சரப்பகுதியை முழுக்க மாற்றி எழுத எனக்கு அனுமதி கிடைத்தது. ராமநாதனின் வழியையே போட்டேன். குட்டைச் சரமா, நேரே பார். நீளமா, பெரிய கட்டளைக்குப் போ. மெஷின் படிக்காமல் மனிதர் மட்டும் படிக்கிற குறிப்பு வரிகளில், இது யார் கண்ட வழி என்று அவர் பெயரை எழுதினேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை. அந்தப் பதிப்புக்காக எனக்குப் பதவி உயர்வும் கிடைத்தது.

நடுவில் மெஷின் விஷயமாக அவருக்கு ஒரு கடிதம் போட்டிருந்தேன், பதில் வரவில்லை. அவர் வழியைப் போட்டதை நேரில் சொல்லத்தான் கல்பாத்திக்குப் போனேன். அவர் பாலக்காட்டில் ஒரு டுடோரியலில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும், "வா, வா. மரகதம் சௌக்கியமா?" என்றார். அவர் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, எனக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு, வாசலில் யாரோடோ மலையாளத்தில் பேசப் போய்விட்டாள்.

நான் விஷயத்தைச் சொன்னேன். குறிப்பில் பெயர் போட்டிருப்பதையும், எனக்குக் கிடைத்த உயர்வையும் மறைக்காமல் சொன்னேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். பிறகு சட்டென்று தலை தூக்கினார்.

"வெறும் சரம் வந்தா என்ன ஆறது?"

"எப்பிடிங்க?"

"எழுத்தே இல்லாத சரம். அதைத் தேடச் சொன்னா? என் வழியில முதல் எழுத்தைத்தானே மொதல்ல எடுக்கறோம். முதல் எழுத்தே இல்லைன்னா எதை எடுப்பே? பக்கத்துல கிடக்கற வேற எதையோ எடுக்கும், கேட்டயா? அன்னிக்கே அதைப் பாக்கணும்னு இருந்தேன். அதுக்குள்ளே..."

நான் யோசித்தேன். "வெறும் சரத்தை உள்ள உடாம மேலயே ஒரு தடுப்பு வருமேங்க."

"வராது. ஒட்டற எடத்துலேர்ந்து நேரே உள்ளே போனா வராது." டுடோரியல் காகிதம் ஒன்றைத் திருப்பி வைத்துக் கட்டம் கட்டமாகப் போட ஆரம்பித்தார். நானும் நகர்ந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் போட்டதை நான் அடித்தேன், நான் போட்டதை அவர் அடித்தார். "போடா, அது நடக்காது" என்றார். என்னை முதல் தடவையாகப் போடா என்றார். காப்பி ஆறிப்போனது. சாப்பாட்டு அறையில் முதல் நாள் பார்த்த முகம் அப்படியே திரும்பி வந்திருந்தது.

பொழுது சாயக் கிளம்பினேன். அவர் வாசலில் நின்றுகொண்டார். விசாலம், கோவிலுக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டு என்னோடு தெருக்கோடிவரை நடந்து வந்தார். கோவில் வந்ததும் நின்றார்.

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்கப்படாது. இனிமே நீங்க வரவேண்டாம். லெட்டரும் போட வேண்டாம்."

நான் கோவில் படியோரமாக ஒதுங்கி நின்றேன்.

"உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்லை. போன தடவை உங்க லெட்டர் வந்துது. அதைப் படிச்சுட்டு, சரியாத் தூக்கமில்லை, ஒழுங்காக் கிளாஸுக்கும் போகலை. அந்த மெஷினையே நெனைச்சுண்டு உக்காந்திருந்தார். இப்பத்தான் செத்தே தெளிஞ்சு வந்தார். இன்னிக்கு அவர் சிரிச்சதைப் பாத்தேளோல்லியோ? நாளைக்கு என்ன ஆகும்னு நான் ஒருத்திதானே பாக்கணும்." அவர் கண்கள் நிறைந்தன. "அங்கேர்ந்து எதுவுமே இங்கே வரவேண்டாம். யார்கிட்டேர்ந்தும் வரவேண்டாம்."

"செரிங்க," என்றேன். பஸ்ஸில் கொழிஞ்சாம்பாறைவரை நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தது.

8

இங்கே திரும்பியதும் முதல் வேலையாக, எழுத்தே இல்லாத சரத்தைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தேன். அவர் சொன்னதே சரி. ஒட்டும் இடத்திலிருந்து நேரே உள்ளே போனால் அந்த வழி பக்கத்தில் கிடக்கும் எதையோ எடுத்துத் தப்பான விடை சொன்னது. திருத்தினேன். எங்கள் வழக்கப்படி, தப்பைக் கண்டுபிடித்தவர் பெயரைத் திருத்தத்தின் மேல் எழுத வேண்டும். எழுதினேன்.

திருத்தங்களைச் சரிபார்ப்பது இப்போதும் ஜீன்தான். அவள் அச்சிட்ட தாள்களோடு என் மேஜைக்கு வந்தாள். அந்தப் பெயரின் மேல் விரலை வைத்திருந்தாள்.

"அவரைப் பார்த்தாயா?"

"பார்த்தேன்."

"எப்படி இருக்கிறார்?"

"பாடம் சொல்லிக்கொடுக்கிறார்."

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "அன்றைக்கு ஹாரிஸிடம் சொன்னது நான்தான் என்று அவருக்குத் தெரியுமா?"

"நான் சொன்னேன். அவர் நம்பவில்லை. நான்தான் போய்ச் சொன்னேன் என்று நினைக்கிறார்."

"இத்தனை நாளுமா?"

"ஆமாம்."

ஜீனின் முகம் சிவந்துவிட்டது. "அது சரியில்லை. உனக்கும் சரியில்லை, அவருக்கும் சரியில்லை. நான் எழுதினால் நம்புவார். என் கையெழுத்து அவருக்குத் தெரியும்." சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் தாளின் ஓரத்தில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "விலாசம் சொல்."

அந்தத் தெருவின் பெயர், வீட்டு எண், தபாலாபீஸ், எல்லாம் என் நாக்கின் நுனியில் இருந்தன.

"என்னிடம் இல்லை," என்றேன்.